வாட்டர்ஸ்டனும் மாக்ஸ்வெல்லும்

இருவரும் எடின்பரோவில் பிறந்தவர்கள். ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் 1811இல். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1831இல். வாயு என்பது ஓயாமல் பாய்ந்து மோதும் மூலக்கூறுகளின் திரள் என்றே இருவரும் கண்டார்கள். ஆனால் ஒருவருடைய கட்டுரை 46 ஆண்டுகள் ஆவணக் கட்டில் கிடந்தது. மற்றவர் பெயரோ இயற்பியல் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. இதற்கு அநீதி ஒரு காரணம். அது மட்டுமே காரணம் அல்ல என்பது என் கருத்து.

வாட்டர்ஸ்டன் பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்கு ஆசிரியராக இருந்தார். அங்கிருந்துதான் 1845இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை அனுப்பினார். ஒரே வெப்பநிலையில் உள்ள இரு வாயுக்களில் கனமான மூலக்கூறு மெதுவாகவும் இலேசானது விரைவாகவும் ஓடும். ஆனாலும் சராசரி இயக்க ஆற்றல் இரண்டுக்கும் ஒன்றே என்றார். இன்று பள்ளி மாணவரும் தேர்வில் எழுதும் உண்மை இது. மதிப்பீட்டாளர் ஒருவர் அதை வெறும் அபத்தம் என்று ஒதுக்கினார். கட்டுரை அச்சேறவில்லை, திரும்பியும் வரவில்லை. வாட்டர்ஸ்டனிடம் வேறு படியும் இல்லை.

1857இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் இதே வழியில் எழுதத் தொடங்கினார். அவரைப் படித்த மாக்ஸ்வெல், அபர்டீனில் பேராசிரியராக இருந்தபோது, 1859இல் புதிதாக ஒன்றைக் கேட்டார்: எந்த வேகத்தில் எத்தனை மூலக்கூறுகள் ஓடும்? வாட்டர்ஸ்டனின் கணக்கு சராசரியோடு நின்றது. மாக்ஸ்வெல் வேகங்களின் பரவலையே கணக்கில் கொண்டுவந்தார். இந்த ஓர் அடிதான் இருவரையும் பிரிக்கிறது, பெரிய அடி.

கொடியில் போட்ட ஈரவேட்டியைப் பாருங்கள். நீர் கொதிப்பது 100 டிகிரியில். வேட்டியோ 30 டிகிரியிலேயே காய்ந்துவிடுகிறது. சராசரி வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது. சராசரியைவிட மிக விரைந்து ஓடும் சில மூலக்கூறுகள் எப்போதும் இருக்கின்றன. பக்கத்து மூலக்கூறுகளின் ஈர்ப்பை அறுத்துக்கொண்டு அவை வெளியேறுகின்றன. விரைந்தவை போய்விடுவதால் எஞ்சிய நீர் குளிர்கிறது. கிளாசியஸ் இதைச் சொல்லால் விளக்கியிருந்தார். அத்தகைய மூலக்கூறுகள் எத்தனை என்று எண்ண வழி தந்தது மாக்ஸ்வெல்லின் பரவல்.

அவர் கோட்பாட்டிலிருந்து அவருக்கே வியப்பளித்த முடிவு ஒன்றும் வந்தது: வாயுவின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் உராய்வு, அதன் அடர்த்தியைப் பொறுத்ததல்ல. லண்டன் வீட்டில் மனைவி கேத்தரினின் துணையோடு சோதனை செய்து அதை உறுதிப்படுத்தினார். எதிர்பாராத ஒன்றை முன்கூட்டியே சொல்லி, அது மெய்யாகும்போதுதான் கோட்பாடு வேரூன்றுகிறது. பம்பாயில் தனியே உழைத்தவருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

மாக்ஸ்வெல் 1879இல் 48 வயதில் மறைந்தார். 1883இல் எடின்பரோவில் வீட்டைவிட்டுக் கிளம்பிய வாட்டர்ஸ்டன் திரும்பவே இல்லை. 1891இல் இயற்பியலாளர் ரேலே பிரபு ராயல் சொசைட்டியின் ஆவணங்களில் பழைய கட்டுரையைக் கண்டெடுத்து, மறு ஆண்டு அச்சிட்டார். பெரிதாகச் சிந்திக்கும் இளைஞர் முதலில் சிறிய, எளிதில் மதிப்பிடக்கூடிய ஆய்வுகளால் பெயர் எடுக்க வேண்டும் என்று முன்னுரையில் அறிவுரையும் சொன்னார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. பெயரைப் பாராமல் கணக்கைப் பார்ப்பது மதிப்பிடுபவரின் கடமை.

மாக்ஸ்வெல் பரவலைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: சராசரி இயக்க ஆற்றலைப் பற்றிச் சொல்லும்போது வாட்டர்ஸ்டன் பெயரையும் எழுதுங்கள்.