முன்னோர் ஓவியமும் பெண்ணின் தூரிகையும்

ஓவியக் கலையில் முன்னோரைப் பின்பற்றுதல் இருவகைப்படும். அவர்கள் தீட்டியவாறே தீட்டிப் பழகுவது ஒன்று; அவர்கள் சொல்லாமல் விட்டதைத் தேடிச் சொல்வது மற்றொன்று. முன்னது கையைப் பழக்கும். பின்னது கலையை வளர்க்கும். பின்னதற்குத் தக்க சான்றாக விளங்கியவர், போர்த்துகல் நாட்டில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பவுலா ரேகோ அம்மையார்.

இளமையும் கல்வியும்

மலாக்காவின் வரலாற்றால் நாம் நன்கறிந்த போர்த்துகல், ரேகோ பிறந்த 1935-ஆம் ஆண்டில் சலாசாரின் சர்வாதிகாரத்தின்கீழ் இருந்தது. பெண்களுக்கு உரிமைகள் அருகியிருந்த காலம் அது. அவருடைய தந்தையார் அவ்வாட்சியை வெறுத்தவர். மகள் அந்நாட்டில் முடங்கிவிடக் கூடாதென்று எண்ணி அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1952 முதல் 1956 வரை இலண்டனிலுள்ள சிலேடு கலைக் கல்லூரியில் ரேகோ பயின்றார். அங்கே உடன் பயின்ற ஓவியர் விக்டர் வில்லிங் பின்னர் அவருடைய கணவரானார்.

ஐரோப்பியக் கலைப்பயிற்சியோடு, சிறுவயதில் வீட்டுப் பெண்கள் சொன்ன நாட்டுப்புறக் கதைகளும் அவர் உள்ளத்தில் தங்கின. கதை சொல்வதே தம் ஓவியத்தின் உயிரென அவர் கொண்டார். கதையை விடுத்து வண்ணத்தையும் வடிவத்தையும் மட்டுமே போற்றிய ஓவிய இயக்கங்கள் ஓங்கிநின்ற காலத்தில் அது எளிய முடிவு அன்று. நரம்பைத் தாக்கும் நோயால் பல்லாண்டுகள் துன்புற்ற கணவர் 1988-இல் மறைந்தார். அதே ஆண்டில் இலண்டனில் நடந்த பெரிய கண்காட்சி ரேகோவின் புகழை உயர்த்தியது.

கலைக்கூடத்தின் அழைப்பு

1990-ஆம் ஆண்டில் இலண்டன் தேசியக் கலைக்கூடம், தன் முதல் இணை ஓவியராக இருக்குமாறு ரேகோவை அழைத்தது. பழைய ஓவியங்களின் நடுவே தங்கி, அவற்றைக் கண்டு புதிய படைப்புகளை ஆக்குவது அப்பொறுப்பு. அவர் முதலில் அதனை மறுத்தார். அங்குள்ள 2,000-க்கும் மேற்பட்ட ஓவியங்களுள் பெண்கள் தீட்டியவை மிகச் சிலவே. ஆண்களின் கலைக்கூடத்தில் தமக்கு என்ன வேலை என்பது அவருடைய தயக்கம். பின்னர், ஆடவர் எடுத்துக்கொள்ள இயலாதவற்றைப் பெண்ணாகிய தாம் அங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணி உடன்பட்டார்.

அவ்வெண்ணம் என்ன பயன் தந்தது? பதினேழாம் நூற்றாண்டின் பிலிப் த ஷாம்பேன், உறங்கும் சூசையப்பரின் கனவில் வானதூதர் தோன்றுவதை ஓவியமாக்கினார். ரேகோ அதே பொருளை எடுத்தார். அவர் படத்தில் முதியவர் நாற்காலியில் உறங்குகிறார். இளம்பெண் ஒருத்தி அவரைப் பார்த்து ஓவியம் தீட்டுகிறாள். பன்னூறு ஆண்டுகளாக ஓவியருக்கு முன் அசையாது அமர்ந்திருந்த பெண், இங்கே தூரிகையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். இந்த ஒரு மாற்றமே படத்தின் பொருளை முழுவதும் மாற்றிவிடுகிறது.

அக்காலத்து முதன்மையான படைப்பு 'கிரிவெல்லியின் தோட்டம்'. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் கார்லோ கிரிவெல்லியின் தேவாலயப் பீட ஓவியம் ஒன்று அக்கலைக்கூடத்தில் உண்டு. அதன் அடிப்பகுதியில் புனிதர்களின் சிறுசிறு படங்கள் உள்ளன. அச்சிறு படங்களில் தோன்றும் இடங்களுக்கு அப்பால் ஒரு தோட்டம் விரிந்து கிடப்பதாக ரேகோ கற்பனை செய்தார். 9 மீட்டருக்கு மேல் நீண்ட அவ்வோவியத்தில் நீலமும் வெள்ளையுமான போர்த்துகீசிய ஓட்டுப் பதிப்புகள் சுவர்களை அணி செய்கின்றன. திருமறையிலும் புனிதர் கதைகளிலும் வரும் பெண்கள் அத்தோட்டத்தை நிறைக்கின்றனர். கலைக்கூடத்தில் பணியாற்றிய பெண்களே அவர்களுக்கு மாதிரிகளாக அமர்ந்தனர். ஓவியம் அங்கிருந்த உணவகத்தின் சுவரை அழகுபடுத்தியது.

ஹோகார்த்தும் ரேகோவும்

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில ஓவியர் ஹோகார்த், பணத்துக்காக நடந்த ஒரு திருமணத்தின் சீரழிவை ஆறு படங்களில் காட்டினார். அதில் பேரம் பேசுவோர் தந்தையர். முடிவில் கணவன் கொல்லப்படுகிறான், மனைவி நஞ்சுண்டு மடிகிறாள். 1999-இல் ரேகோ இக்கதையைத் தம் இளமைக்காலப் போர்த்துகலுக்குக் கொண்டு சென்று மூன்று படங்களாக்கினார். அவற்றில் பேரம் பேசுவோர் தாய்மார். இறுதிப் படத்தில் மனைவி மடியவில்லை. நொடிந்துபோன கணவனைத் தன் மடியில் தாங்கியிருக்கிறாள். பெண்ணை வெறும் பலியாகக் காட்ட ரேகோ இசையவில்லை. அவள் குற்றத்திலும் பங்குடையவள், சுமையையும் தாங்குபவள்.

நாட்டுக்கு ஆற்றிய தொண்டு

1998-ஆம் ஆண்டில், கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதிக்கப் போர்த்துகலில் நடந்த பொது வாக்கெடுப்பு தோல்வியுற்றது. வாக்களித்தோர் தொகையும் குறைவு. அதனால் சினமுற்ற ரேகோ, மறைவாகக் கருக்கலைப்புச் செய்துகொள்ள நேர்ந்த பெண்களைப் பாஸ்டல் வண்ணக்கோலால் வரிசையாகத் தீட்டினார். பழைய ஓவியர்கள் காண்போர் மகிழக் கட்டிலில் சாய்ந்திருக்கும் பெண்ணைத் தீட்டினர். ரேகோவின் பெண்ணும் கட்டிலில்தான் இருக்கிறாள்; ஆனால் வலியோடு இருக்கிறாள். படங்களில் குருதி இல்லை. சிலர் காண்போரை நேருக்கு நேர் நோக்குகின்றனர். மக்கள் கருத்தை மாற்றியவற்றுள் இவ்வோவியங்களும் அடங்கும் என்பர். 2007-இல் மீண்டும் நடந்த வாக்கெடுப்புக்குப் பின் சட்டம் மாறியது.

2009-இல் போர்த்துகலின் கஸ்காய்ஸ் நகரில் அவருடைய படைப்புகளுக்கென 'கதைகளின் இல்லம்' திறக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர் இலண்டனில் மறைந்தார். மறு ஆண்டு தேசியக் கலைக்கூடம் கிரிவெல்லியின் பீட ஓவியத்தையும் ரேகோவின் தோட்டத்தையும் ஒருங்கே காட்சிக்கு வைத்தது. ஐந்நூறு ஆண்டு இடைவெளியுடைய இரு படைப்புகளும் ஒன்றையொன்று மறைக்கவில்லை. முன்னோரிடம் பட்ட கடனை அவர்கள் விட்டுச்சென்ற கதையைத் தொடர்ந்து சொல்லித் தீர்க்கலாம் என்பதை ரேகோவின் வாழ்வு காட்டிற்று.