கூடுகளுக்கு ஓர் ஆணை

நாம் வாழும் சாரத்திலிருந்து மேற்கே சற்றுத் தொலைவு சென்றால் ஊசுட்டேரி. 2008இல் புதுச்சேரி அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் எந்த அறிவிப்பும் கூடு கட்டித் தருவதில்லை. இதை உணர வடக்கே வேடந்தாங்கலுக்குத்தான் செல்லவேண்டும்.

அங்கே வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதைப் பொறாத ஊரார், கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு 1798இல் காப்பாணை பெற்றனர். கருணை மட்டுமன்று காரணம். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை உழவர் அறிந்திருந்தனர். கணக்குத் தெரிந்த அன்பு என்று சொல்ல நமக்குக் கூச்சமில்லை.

ஆணை துப்பாக்கியை நிறுத்தும்; மரத்தை வளர்க்காது. நீரில் நிற்கும் கடம்பின்மேல்தான் நீர்க்காகமும் நத்தைகுத்தி நாரையும் கூடமைக்கும். சூழ்ந்த நீரே அவற்றுக்கு வேலி. எச்சம் படிந்து மரங்கள் பட்டுப்போவதும் உண்டு. பிற்காலத்தில் வனத்துறையினர் ஏரிக்குள் மண்மேடுகள் எழுப்பிக் கருவேலங்கன்றுகளை நட்டனர்.

கடற்பறவைக்கும் இதே இடப் பஞ்சம்தான். முந்நூறு ஆண்டுகளாக அழிந்ததென்று எண்ணப்பட்ட பெர்முடாவின் ககௌ 1951இல் மீண்டும் அகப்பட்டது. ஆனால் அதன் பாறைப் பொந்துகளில் சற்றே பெருத்த, நீள்வால் வெண்பறவை புகுந்து குஞ்சுகளைக் கொன்றது. ககௌ மட்டும் நுழையுமளவு துளையிட்ட பலகையைப் பொந்தின் வாயில் பொருத்தினர். செயற்கை வளைகளும் கட்டினர். டேவிட் விங்கேட் இதற்கே வாழ்நாளைக் கொடுத்தார். 1960களின் தொடக்கத்தில் 18ஆக இருந்த இணைகள் இன்று நூற்றைத் தாண்டிவிட்டன.

ஊசுட்டேரிக் கரையில் நின்றால் இப்போதெல்லாம் நாம் பறவைகளை எண்ணுவதில்லை. நீருக்குள் எத்தனை மரம் நிற்கிறது என்றே பார்க்கிறோம்.