சுசந்திகா ஜயசிங்க: ஒன்பது ஆண்டுகள் தாமதித்து வந்த வெள்ளி

ஒலிம்பிக் வரலாற்றில் இலங்கை பெற்ற பதக்கங்கள் இரண்டே இரண்டு. முதலாவது, 1948இல் லண்டனில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் டங்கன் வைற் பெற்ற வெள்ளி. இரண்டாவது, 52 ஆண்டுகளுக்குப் பின்னர் 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க பெற்ற பதக்கம். அன்று அவர் கழுத்தில் விழுந்தது வெண்கலம். இன்று பதிவேட்டில் இருப்பது வெள்ளி. இந்த மாற்றத்துக்குப் பின்னால் நீண்ட கதை ஒன்று உள்ளது.

ஆரம்பம்

சுசந்திகா 1975 டிசம்பர் 17ஆம் திகதி கேகாலை மாவட்டம் வறக்காப்பொலைப் பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கொழும்பில் இருந்து சுமார் 60 கிலோமீற்றர் தொலைவில் உள்ள கிராமம் அது. 1994இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 200 மீற்றரில் வெள்ளி வென்றபோதுதான் ஆசியா அவரைக் கவனித்தது. அப்போது அவருக்கு வயது 18.

1997 ஓகஸ்டில் ஏதென்ஸ் நகரில் உலக மெய்வல்லுநர் சம்பியன்ஷிப் நடந்தது. 200 மீற்றர் இறுதிப் போட்டியில் உக்ரேனின் ஷானா பின்ருசெவிச் 22.32 செக்கன்களில் முதலிடம் பெற்றார். சுசந்திகா 22.39 செக்கன்களில் இரண்டாமிடம். அவருக்குப் பின்னால் 22.40 செக்கன்களில் வந்தவர் ஜமெய்க்காவின் புகழ்பெற்ற மெர்லின் ஒட்டி. வித்தியாசம் நூறில் ஒரு செக்கன். அந்த வேகத்தில் ஓடுபவர் நூறில் ஒரு செக்கனில் கடக்கும் தூரம் ஏறத்தாழ 9 சென்றிமீற்றர், அதாவது ஓர் உள்ளங்கை அகலம். இத்தகைய முடிவுகளை எல்லைக்கோட்டில் எடுக்கப்படும் புகைப்படமே தீர்மானிக்கும். தலையோ கையோ கணக்கில் வராது. உடற்பகுதி கோட்டைத் தொடும் கணமே நேரமாகப் பதியப்படும்.

தடையும் குற்றச்சாட்டும்

ஏதென்ஸ் வெற்றிக்கு அடுத்த ஆண்டே அவரது பெயர் வேறொரு செய்தியில் அடிபட்டது. 1998இல் நண்ட்ரலோன் என்ற ஊக்கமருந்து தொடர்பாக அவர் மீது குற்றம் சுமத்தப்பட்டுப் போட்டிகளில் இருந்து இடைநிறுத்தப்பட்டார். அதை அவர் முற்றாக மறுத்தார். செல்வாக்கு மிக்க அரசியல்வாதி ஒருவரின் பாலியல் அழுத்தத்துக்கு இணங்காததால் தன்னைப் பழிவாங்கச் செய்யப்பட்ட சதி இது என்று அவர் பகிரங்கமாகவே கூறினார். பின்னர் அவர் அந்தக் குற்றச்சாட்டில் இருந்து விடுவிக்கப்பட்டு மீண்டும் களத்துக்குத் திரும்பினார்.

அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றி ஒரு பெண் வாய் திறப்பது அந்நாட்களில் சாதாரண விடயம் அல்ல. அப்படிப் பேசிய ஒருவர் ஓடுபாதைக்குத் திரும்பி வந்தது அதைவிடப் பெரிய விடயம்.

சிட்னி, 2000

2000 செப்டெம்பரில் யொக்கோஹாமாவில் 100 மீற்றரை 11.04 செக்கன்களில் ஓடினார். அதுவே அத்தூரத்தில் அவரது வாழ்நாள் சிறந்த நேரம். அதே மாதம் 28ஆம் திகதி சிட்னியில் 200 மீற்றர் இறுதிப் போட்டி நடந்தது.

அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கன்களில் முதலிடம். பஹாமாசின் போலின் டேவிஸ் தொம்சன் 22.27 செக்கன்களில் இரண்டாமிடம். சுசந்திகா 22.28 செக்கன்களில் மூன்றாமிடம். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இலங்கைப் பெண் அவரே.

அந்தச் செய்தி தீவின் எல்லா இடங்களையும் ஒரேமாதிரிச் சென்றடையவில்லை. ஆனையிறவுச் சமர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மின்சாரம் இல்லாத வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். இடம்பெயர்ந்து வாழ்ந்த பிள்ளைகளுக்கு ஓட ஒரு மைதானம்கூட நிச்சயம் இல்லாத காலம் அது.

பதக்கம் மாறிய விதம்

2007 ஒக்டோபரில் மரியன் ஜோன்ஸ் தான் ஊக்கமருந்து பாவித்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சிட்னியில் வென்ற ஐந்து பதக்கங்களையும் இழந்தார். விசாரணையாளர்களிடம் பொய் சொன்னதற்காக 2008இல் அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது.

ஆனாலும் மற்றவர்களின் இடங்களைத் திருத்த மேலும் இரண்டு ஆண்டுகள் சென்றன. 2009 டிசம்பர் 9ஆம் திகதியே சர்வதேச ஒலிம்பிக் குழு அந்த முடிவை எடுத்தது. டேவிஸ் தொம்சனுக்குத் தங்கம், சுசந்திகாவுக்கு வெள்ளி, நான்காவதாக வந்த ஜமெய்க்காவின் பெவர்லி மக்டொனால்டுக்கு வெண்கலம். சுசந்திகாவின் 34ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதே நாட்களில் செட்டிக்குளம் முகாம்களில் பல்லாயிரம் தமிழ் மக்கள் ஊர் திரும்பக் காத்திருந்தார்கள்.

இந்தத் திருத்தத்தோடு இன்னொரு கணக்கும் வெளியே வந்தது. தங்கத்துக்கும் அவருக்கும் இடையில் இருந்தது அதே நூறில் ஒரு செக்கன். ஏதென்சில் அவருக்கு வெள்ளியைக் கொடுத்த உள்ளங்கை அகலம், சிட்னியில் தங்கத்தைப் பறித்துவிட்டது.

பிந்திய ஆண்டுகள்

2002இல் பூசான் ஆசிய விளையாட்டு விழாவில் 100 மீற்றரை 11.15 செக்கன்களில் ஓடித் தங்கம் வென்றார். 2006 டோஹா ஆசிய விழாவில் 100 மீற்றரில் வெள்ளியும் 200 மீற்றரில் வெண்கலமும் பெற்றார். 2007இல் ஒசாகா உலக சம்பியன்ஷிப்பில், 31 வயதில், 200 மீற்றரை 22.63 செக்கன்களில் ஓடி வெண்கலம் வென்றார். முதல் உலகப் பதக்கத்துக்கும் இதற்கும் இடையில் சரியாகப் பத்து ஆண்டுகள். குறுந்தூர ஓட்டத்தில் இவ்வளவு காலம் உச்சத்தில் நிற்பது அரிது.

ஓய்வுக்குப் பின்னரும் போராட்டம் ஓயவில்லை. 2017இல் பொருளாதார நெருக்கடி காரணமாகத் தனது ஒலிம்பிக் பதக்கத்தை விற்கப் போவதாக அவர் அறிவித்தபோது நாடே அதிர்ந்தது. நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவரின் பிற்கால வாழ்வு பற்றி யாரும் கேட்காத வழமையை அந்த அறிவிப்பு அம்பலப்படுத்தியது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வழமை புதிதல்ல. 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் இலங்கைக்கு ஆசிய விளையாட்டின் முதல் தங்கத்தைத் தந்தவர் யாழ்ப்பாணத்தின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். இன்று அவர் பெயரை அறிந்த பாடசாலைப் பிள்ளைகள் எத்தனை பேர்?

மாத்தளையின் பல்லேபொலையாக இருந்தாலும் கிளிநொச்சியாக இருந்தாலும், இல்ல மெய்வல்லுநர் போட்டியில் வெறுங்காலுடன் முதலாவதாக ஓடிவரும் சிறுமி ஒருத்தி இருப்பாள். அவளுக்கு வேகம் உண்டு. சப்பாத்தும் பயிற்றுநரும் போசாக்கான உணவும் வேண்டும். அநீதி நடந்தால் முறையிட ஓர் இடமும் வேண்டும். சுசந்திகாவுக்கு இவற்றில் பல கிடைக்கவில்லை, அல்லது பிந்தியே கிடைத்தன. அப்படியிருந்தும் உலகில் அவரை முந்தியவர்கள் ஒரு சிலரே.