‘மந்தபுத்தி’ப் பெண்கள் வளர்த்த பிள்ளைகள்: அயோவா, 1934

குழந்தை நடக்கவில்லை, பேசவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. யாரிடம் கொண்டு போவது? பெற்றவள் மடியில் இருக்கும் குழந்தைக்கே இது பெரும்பாடு. அரசு வளர்க்கும் குழந்தைக்காக அலைய யாரிருக்கிறார்கள்? அதற்கென்று இருப்பது ஒரு கோப்பு. கோப்பில் ஓர் எண். 1930களின் அமெரிக்காவில் அந்த எண்ணுக்கு நுண்ணறிவு ஈவு என்று பெயர். பிறப்போடு வருவது, மாறாதது என்று பெரும்பாலான உளவியலாளர்கள் அதை நம்பினர்.

அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் அநாதை இல்லத்தில் 1934இல் இரண்டு பெண் குழந்தைகள். ஒன்றுக்கு 13 மாதம், மற்றதற்கு 16. ஈவு 46, 35. நாளெல்லாம் உட்கார்ந்து ஆடிக்கொண்டும் சிணுங்கிக்கொண்டும் இருந்தன. தத்துக் கொடுக்க லாயக்கில்லை என்று மனவளர்ச்சி குன்றியோர் விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பெண்கள் கூடம். 18இலிருந்து 50 வயதுவரை உள்ளவர்கள். அவர்களுடைய ‘மன வயது’ 5 முதல் 9 என்று அளந்து வைத்திருந்தது நிர்வாகம். ஆக, குழந்தைகளைக் கழித்துக் கட்டியாயிற்று.

ஆறு மாதம் கழித்து அங்கே போன உளவியலாளர் ஹெரால்ட் ஸ்கீல்ஸ் திகைத்தார். துறுதுறுவென்று இருந்தன இரண்டும். மறுபடி அளந்தார்: 77, 87. மருந்தில்லை, சிகிச்சையில்லை. அந்தப் பெண்கள் தூக்கி வைத்துக்கொண்டார்கள், பேச்சுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அநாதை இல்லத்திலோ கைக்குழந்தைகளின் தொட்டிலைச் சுற்றித் துணி மறைப்பு. பால் கொடுக்க, துணி மாற்ற மட்டும் ஒரு கை வந்து போகும். அறிவை முடக்கியது எது என்று கேட்க இதற்கு மேலும் சாட்சியம் வேண்டுமா?

பிறகு ஸ்கீல்ஸ், அநாதை இல்லத்துக் குழந்தைகளைத் தெரிந்தே அனுப்பத் தொடங்கினார். மொத்தம் 13 பேர். ஏட்டில் அவர்கள் ‘விருந்தாளிகள்’. ‘மந்தபுத்தி’ முத்திரை விழாமல் திரும்ப அழைத்துக்கொள்ள இது ஒரு வழி. பெரும்பாலான குழந்தைகளை யாராவது ஒரு பெண் தன் பிள்ளையாக வரித்துக்கொண்டாள். எங்க பிள்ளைதான் முதலில் நடந்தது, எங்க பிள்ளைதான் முதலில் பேசியது என்று கூடத்துக்குக் கூடம் போட்டி! 13 பேரின் சராசரி ஈவு 64இலிருந்து 92க்கு ஏறியது. அநாதை இல்லத்திலேயே விடப்பட்ட 12 பேரைப் பின்னால் பதிவேடுகளிலிருந்து எடுத்து ஒப்பிட்டார். அவர்களுடையது 87இலிருந்து சுமார் 60க்கு இறங்கியிருந்தது. நல்ல நிலையில் தொடங்கியவர்கள் அவர்கள்தாம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1939இல் வெளியான இந்த ஆய்வை ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன் வட்டாரம் கிழித்துப் போட்டது. புள்ளியியல் குறைகள் இருந்தன, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஈவு மாறக்கூடியது என்றால் அதை வைத்து மனிதரைத் தரம் பிரித்த பண்டிதர்களின் பிழைப்பு என்னாவது? கோபத்தில் இதுவும் உண்டு.

ஸ்கீல்ஸ் விடவில்லை. அந்த 25 பேரையும் தேடிப் போய் 1966இல் எழுதினார். 13 பேரில் 11 பேர் தத்துப் போயிருந்தனர். 13 பேரும் சொந்தக் காலில் நின்றனர். அந்த 12 பேரில் ஒருவர் வளரிளம் பருவத்திலேயே விடுதியில் இறந்துவிட்டார். நால்வர் அப்போதும் விடுதிகளில். ஒருவர் மட்டும் தப்பினார்: காது மந்தம் என்பதால் செவித்திறன் குறைந்தோர் பள்ளிக்குப் போனவர், அங்கே ஒரு பொறுப்பாளர் அவரைத் தனியாகக் கவனித்தார். பின்னாளில் அச்சுக்கோப்பவரானார், நம் சங்காத்தம். 1968இல் ஸ்கீல்ஸுக்குக் கென்னடி விருது. மேடையில் அதை வழங்கியவர் அந்த 13 பேரில் ஒருவர்.

பிள்ளைகளைத் தேடிய அறிக்கை, வளர்த்த பெண்களைத் தேடவில்லை. பிள்ளை தேறியதும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் கூடத்திலேயே இருந்தார்கள். அதே அயோவாவில், இத்தகைய விடுதிகளில் இருந்தவர்கள் பிள்ளை பெறத் தகுதியற்றவர்கள் என்று தீர்மானித்துக் கருத்தடை செய்ய 1929ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கென ஒரு வாரியமும் இருந்தன.