ஒரே வீட்டில் இரண்டு தேசங்கள்

1918 பிப்ரவரி 16 அன்று வில்னியஸ் நகரில் இருபது பேர் கையெழுத்திட்டு லித்துவேனியாவைச் சுதந்திர நாடாக அறிவித்தார்கள். அவர்களில் ஒருவர் ஸ்தனிஸ்லோவஸ் நருதவிச்சியுஸ். 1922 டிசம்பரில் போலந்துக் குடியரசு தன் முதல் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தது. அவர் பெயர் காப்ரியேல் நருதோவிச். எழுத்துக்கூட்டல் ஏமாற்ற வேண்டாம்; இருவரும் உடன்பிறந்த அண்ணன் தம்பி. தம்பி ஜனாதிபதியானபோது இரு நாடுகளும் வில்னியஸ் யாருக்கு என்ற சண்டையில் தூதரக உறவுகூட இல்லாமல் முகம் திருப்பி நின்றன. இவானோவ்ஸ்கி குடும்பத்தில் இன்னும் விசேஷம்: ஒரு சகோதரர் போலந்தில் அமைச்சர், ஒருவர் பெலாரூசிய இயக்கத்தின் தலைவர், ஒருவர் லித்துவேனியாவின் புகழ்பெற்ற விலங்கியல் பேராசிரியர். இவர்களைக் கொள்கையில் ஊசலாடியவர்கள் என்று கடந்துபோவது எளிது. ஆனால் அந்த மண்ணின் வரலாற்றைப் பார்த்தால், ஊசலாடியது இவர்கள் அல்ல, ‘தேசம்’ என்ற சொல்லின் பொருள்தான் என்பது தெரியும்.

1569இல் லூப்லின் நகரில் போலந்தும் லித்துவேனியப் பெருங்கோமகன் நாடும் ஒரே அரசாக இணைந்தன. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் லித்துவேனியப் பிரபுக்கள் போலிஷ் பேசத் தொடங்கினார்கள். வயலில் உழுதவர்கள் லித்துவேனியமோ பெலாரூசியமோ பேசினார்கள். ‘நான் லித்துவேனியன்’ என்று போலிஷில் சொல்வதில் அன்று எவருக்கும் முரண் தெரியவில்லை. போலந்தின் தேசியக் காவியமான ‘பான் ததேயுஷ்’ லித்துவேனியாவை விளித்தே தொடங்குகிறது. பின்னர் இந்த மண்ணை ஆண்ட ரஷ்யப் பேரரசு, தன்னை எதிர்த்த 1863 கிளர்ச்சியை நசுக்கியபின், லத்தீன் எழுத்தில் லித்துவேனிய மொழியை அச்சிடக் கூடாது என்று தடை போட்டது. 1904 வரை நாற்பது ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. பிரஷ்யாவில் அச்சடித்து எல்லை தாண்டிக் கடத்திவந்த புத்தகங்களில் எழுத்துப் படித்த உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மொழியே தேசமானதில் வியப்பென்ன? மறுபுறம் போலந்தின் தேசியவாதிகளும் மொழியையும் இனத்தையும் வைத்தே ஆள் எண்ணத் தொடங்கினார்கள். பழைய பொருளில் லித்துவேனியர்களாக இருந்தவர்களுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

அந்த இடத்தைச் சட்டத்தின் வழியாக உண்டாக்க முயன்றவர்களைத்தான் ‘கிராயோவ்ட்சி’ என்றார்கள். ‘கிராய்’ என்றால் நாடு. ‘இந்நாட்டவர்’ என்று தமிழில் சொல்லலாம். வழக்கறிஞர் ததேயுஷ் விருப்லெவ்ஸ்கி, பத்திரிகையாசிரியர் லுத்விக் அப்ரமோவிச், சட்ட அறிஞர் மிஹாவ் ரோமெர் ஆகியோர் இதன் ஜனநாயக அணியினர். ரோமெர் 1906இல் ‘கஸேத்தா விலென்ஸ்கா’ என்ற போலிஷ் நாளிதழைத் தொடங்கினார். 1908இல் லித்துவேனிய மறுமலர்ச்சி பற்றிப் போலிஷிலேயே ஒரு பெரிய நூல் எழுதினார். அவர்களுடைய வாதம் இதுதான்: இந்த மண்ணில் வாழ்பவன் எந்த மொழி பேசினாலும், எந்தக் கோயிலில் தொழுதாலும், இந்த மண்ணுக்கே கடமைப்பட்டவன், அவனுடைய அரசியலை வார்சா தீர்மானிக்கக் கூடாது. 1897 மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டினால் இந்த வாதத்தின் தேவை புரியும். வில்னியஸ் நகரில் இத்திஷ் பேசியவர்கள் நூற்றுக்கு 40, போலிஷ் பேசியவர்கள் 31, ரஷ்ய மொழி பேசியவர்கள் 20. லித்துவேனியம் பேசியவர்கள் வெறும் 2. மொழியை அளவுகோலாக எடுத்தால் இந்த நகரத்தை யாருக்குக் கொடுத்தாலும் பெரும்பாலோர் அந்நியராகிவிடுவார்கள்.

இதற்கு எதிராக அன்றும் இன்றும் சொல்லப்படும் வலுவான குற்றச்சாட்டு ஒன்று உண்டு: இது பண்ணையார்கள் தங்கள் நிலத்தைக் காத்துக்கொள்ளப் போட்ட வேடம் என்பது. இயக்கத்தின் பழமைவாத அணிக்கு இது பெரிதும் பொருந்தும். அங்கே நிலக்கிழார்களே அதிகம். ரோமெரும் நிலவுடைமைக் குடும்பத்தவர்தான். ஆனால் ஒருவருடைய கொள்கை வேடமா இல்லையா என்பதை, அது அவருக்கு நட்டம் தரும்போது அவர் என்ன செய்தார் என்று பார்த்தே முடிவுகட்ட வேண்டும். 1922 நிலச் சீர்திருத்தத்தில் 80 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை எடுத்துக்கொண்ட லித்துவேனியாவைத்தான் ரோமெர் தன் நாடாகத் தேர்ந்துகொண்டார். இன்னொரு மறுப்பு லித்துவேனியர்களிடமிருந்து வந்தது: சமத்துவம் என்று பேசினாலும், பள்ளியும் பண்ணைவீடும் தேவாலயப் பிரசங்கமும் போலிஷில் இருக்கும்வரை வலியவன் மொழிதானே மெலியவனை விழுங்கும்? இந்த அச்சம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். ரோமெர் அதை உணர்ந்திருந்தார். லித்துவேனிய மறுமலர்ச்சியைப் போலிஷ் வாசகர்களுக்கு மரியாதையோடு விளக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே அதற்குச் சான்று.

பிறகு ஏன் தோற்றார்கள்? அவர்களிடம் பத்திரிகை இருந்தது, நூலகம் இருந்தது, அரசு இல்லை. குடிமை என்பது உணர்ச்சியால் மட்டும் நிற்பதில்லை. வாக்குரிமையும் நீதிமன்றமும் பள்ளிக்கூடமும் அதைத் தாங்க வேண்டும். 1919 ஏப்ரலில் வில்னியஸைக் கைப்பற்றிய போலந்துத் தலைவர் பில்சுட்ஸ்கி, பழைய பெருங்கோமகன் நாட்டு மக்களே என்று அழைத்து, தங்கள் விவகாரங்களைத் தாங்களே தீர்த்துக்கொள்ளும் உரிமையை வாக்களித்தார். அவருடைய படையணியில் முன்பு சேவை செய்த ரோமெரையே, லித்துவேனிய அரசு இயங்கிய கவுனாஸுக்குச் சமரசத் தூது அனுப்பினார். தூது பலிக்கவில்லை. 1920 அக்டோபரில் ஜெலிகோவ்ஸ்கி என்ற தளபதி ‘கலகம்’ செய்வதுபோலப் படை நடத்தி, இடையில் போலந்தின் கையைவிட்டுப் போயிருந்த வில்னியஸை மீண்டும் பிடித்தார். அது தன் உத்தரவே என்று பில்சுட்ஸ்கி பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1922 ஜனவரியில் அங்கே நடந்த தேர்தலை லித்துவேனியர்களும் யூதர்களும் புறக்கணித்தார்கள். அப்படி அமைந்த அவைதான் போலந்தோடு இணைய வாக்களித்தது. அதே ஆண்டு டிசம்பரில், சிறுபான்மையினர் வாக்குகளின் துணையோடு வென்ற காப்ரியேல் நருதோவிச், பதவியேற்ற ஐந்தாம் நாள் வார்சாவில் ஓர் ஓவியக் காட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறுபான்மையினரின் வாக்கைக் குடிமக்களின் வாக்காக ஏற்க முடியாத வெறுப்புக்கு அவர் பலியானார்.

ரோமெர் பில்சுட்ஸ்கியுடன் உறவை முறித்துக்கொண்டு கவுனாஸில் தங்கினார். மிகோலஸ் ரோமெரிஸ் என்ற பெயரில் அரசமைப்புச் சட்டப் பேராசிரியராகி, பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் உயர்ந்தார். இதை அவர் தோற்றதன் அடையாளமாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாட்டுக்கு அதன் அரசமைப்புச் சட்டத்தைக் கற்பித்தவர், இந்நாட்டவர் வாதத்துக்கு இல்லாமலிருந்த அந்த ஒன்றைத்தான் கட்டிக்கொண்டிருந்தார்.

1989 நவம்பரில் லித்துவேனியா இயற்றிய குடியுரிமைச் சட்டம், இன்னும் சோவியத் ஆட்சி நீங்காத அந்த நாளில், அங்கே நிரந்தரமாக வாழ்ந்த எவரும், மொழியும் இனமும் எதுவானாலும், குடிமகனாகலாம் என்றது. பக்கத்து லாட்வியாவும் எஸ்தோனியாவும் அப்படிச் செய்யவில்லை. ஆயினும் போலிஷ் மொழி பேசும் லித்துவேனியக் குடிமகன் தன் கடவுச்சீட்டில் பெயரை ‘டபிள்யூ’ எழுத்தோடு எழுத அனுமதிக்கும் சட்டம் 2022 ஜனவரியில்தான் நிறைவேறியது. கோடும் குறியும் சேர்ந்த போலிஷ் எழுத்துகளுக்கு அந்தச் சட்டத்திலும் இடம் தரப்படவில்லை.