பூனைக்காலி விதையும் நரம்பு மருந்துகளும்: இந்திய அரசு நிதியின் வரலாறு

திருவண்ணாமலை போன்ற கோயில் ஊர்களின் நாட்டு மருந்துக் கடைகளில் பூனைக்காலி விதை கேட்டால் கிடைக்கும். வேலிகளிலும் புதர்க்காடுகளிலும் படரும் கொடி இது. காயின் மேலுள்ள சுணை பட்டால் தோல் தாங்க முடியாமல் அரிக்கும். சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் இதன் விதையை நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றன. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மை மருந்தாக உள்ள லெவோடோபா இந்த விதையில் இயற்கையாகவே இருக்கிறது. அதை முதலில் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னையில் பணியாற்றிய இருவர்.

சென்னை, 1937

லெவோடோபாவை 1913இல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவன வேதியியலாளர் மார்கஸ் குகன்ஹைம் ஓர் அவரை வகையிலிருந்து பிரித்தார். அவர் அதைத் தானே விழுங்கிப் பார்த்தார். வாந்தி எடுத்ததுதான் மிச்சம். பயனற்ற பொருள் என்று அது ஒதுக்கப்பட்டது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். இராமசாமியும் அதே பொருளைப் பூனைக்காலி விதையில் கண்டனர். கட்டுரை பிரிட்டனின் உயிர்வேதியியல் ஆய்விதழில் வெளியானது.

அதன்பின் முப்பதாண்டுகள் அந்தக் கண்டுபிடிப்பு மருந்தாகவில்லை. இதற்காகச் சென்னை ஆய்வகத்தைக் குறை சொல்ல முடியாது. டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கு மூளையில் தனி வேலை உண்டு என்பதே அன்று யாருக்கும் தெரியாது.

சர்ப்பகந்தாவின் பயணம்

அது தெரியவந்த வழியிலும் ஓர் இந்திய மூலிகை குறுக்கிடுகிறது. சர்ப்பகந்தா வேர் உயர் இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் பயன்படும் என்று 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் எழுதினர். அதே காலத்தில் டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதன் வேதிப்பொருள்களைப் பிரித்தார். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் தம் நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். ஆனால் வேரின் முக்கியக் கூறான ரிசர்பினை 1952இல் பிரித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம்.

1957இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபா செலுத்தியதும் எழுந்து நடமாடின. ரிசர்பின் மூளையின் டோபமைனை வற்றச் செய்கிறது. டோபமைன் நேரடியாக மூளைக்குள் நுழையாது, லெவோடோபா நுழைந்து அங்கே டோபமைனாக மாறுகிறது. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளிகளுக்குப் படிப்படியாக அளவைக் கூட்டிக் கொடுத்து இதைச் சிகிச்சையாக்கியவர் ஜார்ஜ் கோட்சியாஸ் (1967). அவர் பணியாற்றிய புரூக்ஹேவன் ஆய்வகம் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் பணத்தில் நடந்தது. உடனடி இலாபம் தெரியாத ஆய்வுக்கு அரசு பணம் கொடுத்ததால் விளைந்த மருந்து என்று இதைச் சொல்லலாம்.

விடுதலைக்குப் பின்

இந்தியாவில் புதிய மருந்துகளுக்கென அரசு நிறுவிய முதன்மையான கூடம் இலக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம். 1951 பிப்ரவரி 17 அன்று சத்தர் மன்சில் அரண்மனையில் நேரு அதைத் திறந்து வைத்தார். காய்ச்சலும் தொற்றும் உயிர் குடித்த காலம் அது. ஆய்வின் பெரும்பங்கு இயல்பாகவே மலேரியா, காசநோய், குடும்பக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்குப் போனது. இருந்தும் மனச்சிதைவுக்கான சென்ட்பியூடின்டோல், நினைவாற்றலுக்கான நீர்ப்பிரமிச் சாறு ஆகியவை அங்கிருந்து வந்தன. கல்கத்தாவில் வேதியியலாளர் அசீமா சாட்டர்ஜி ஆரைக்கீரையையும் சடாமாஞ்சிலையும் ஆராய்ந்தார். வலிப்பு நோய்க்கான ஆயுஷ்-56 அதன் பயன். குளத்தோரம் முளைக்கும் ஆரைக்கீரையைத் தமிழர் அறிவர், வலிப்பு மருந்தாக அறிந்தவர் குறைவு. இவற்றில் எதுவும் ரிசர்பினைப் போல உலகச் சந்தையை அடையவில்லை.

காரணம் திறமைக் குறைவு அன்று. ஒரு மூலக்கூறைக் கண்டறியும் செலவைவிட, அதை மனிதர்களிடம் பல கட்டங்களாகச் சோதிக்கும் செலவு பன்மடங்கு. மூளை நோய்களில் சோதனை நீண்டகாலம் நடக்கும். விலங்குகளில் பலித்தது மனிதரிடம் பலிப்பதும் அரிது. அரசு பெரும்பாலும் முதல் கட்டத்துக்கே பணம் கொடுத்தது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் செய்முறைக்கு மட்டும் தந்ததால், தனியார் நிறுவனங்கள் பிறர் கண்ட மருந்தை மலிவாகச் செய்வதில் வல்லவையாயின. ஏழை நோயாளிக்கு அது பெரும் நன்மை. புது மருந்து தேடுவதற்கு மட்டும் அவற்றுக்குத் தூண்டுதல் இல்லை.

2005இல் பொருள் காப்புரிமை திரும்பவிருந்த நிலையில், 2004இல் மத்திய அரசு 150 கோடி ரூபாயில் மருந்து ஆய்வு உதவி நிதியை அமைத்தது. ஒரு மருந்தை இறுதிவரை கொண்டுசெல்லவே போதாத தொகை அது. 2023இல் அறிவித்த மருந்து, மருத்துவக் கருவி ஆய்வு ஊக்கத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 5,000 கோடி ரூபாய். அதில் 4,250 கோடி ஆறு முன்னுரிமைத் துறைகளுக்கானது. மூலிகைவழி மருந்துகளும் அரிய நோய் மருந்துகளும் அவற்றில் அடங்கும். நரம்பு மண்டல நோய்கள் தனித் தலைப்பாக இல்லை.

மீண்டும் பூனைக்காலி

1978இல் அசோக் வைத்யா குழுவினர் பூனைக்காலிப் பொடியைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை எழுதினர். 1995இல் 60 நோயாளிகளிடம் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு எச்.பி.-200 என்ற பூனைக்காலித் தயாரிப்பைப் பற்றியது. 2004இல் பிரிட்டனில் எட்டுப் பேரிடம் நடந்த சோதனையில், விதைப்பொடி வழக்கமான மாத்திரையைவிட விரைவாக வேலை செய்தது. எட்டுப் பேரை வைத்து முடிவு கட்ட முடியாது. பெரிய சோதனைக்குப் பணம் போட ஆள் வேண்டும். விதைக்குக் காப்புரிமை கிடையாது, ஆகவே நிறுவனங்களுக்கு அதில் ஆர்வம் குறைவு. அரசு நிதி மிகவும் தேவைப்படும் இடம் இதுவே.

2015 நவம்பரில் மத்திய அரசு தாவரவழி மருந்துகளைத் தனி வகையாகச் சேர்த்து மருந்து விதிகளைத் திருத்தியது. அதன்படி அத்தகைய மருந்தில் குறைந்தது நான்கு செயற்கூறுகளின் அளவு வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். கடையில் வாங்கும் விதையில் அப்படி எந்த அளவும் இல்லை. விளைந்த நிலத்தையும் வகையையும் பொறுத்து லெவோடோபா மாறுகிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் பொடியையும் சேர்த்தால், அளவு கூடித் தன்னிச்சையான உடல் அசைவுகளும் மனக்குழப்பமும் வரக்கூடும்.