அண்ணாவ்ருவின் தம்பிகள்

அப்பா போனபின் பெங்களூர் ஸ்ரீராமபுரத்து வீட்டில் பெரியண்ணன் வைத்ததுதான் சட்டம். சம்பளக் கவரைப் பிரிக்காமல் அவரிடம் கொடுப்போம், ஏனென்று கேட்டதில்லை. தெருவில் இறங்கினால் இன்னொரு அண்ணன்: கன்னட நடிகர் ராஜ்குமார், ஊருக்கே அண்ணாவ்ரு.

1954-இல் ‘பேடர கண்ணப்பா’வில் கதாநாயகன் ஆனவர், எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. ஆனாலும் 1982-இல், பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்ட கோகாக் கிளர்ச்சியில் அவர் இறங்கியதும் முதல்வர் குண்டுராவின் அரசு ஆடிப்போனது. சென்னையில் அண்ணாதுரை தம்பிக்குக் கடிதம் எழுதியே ஆட்சிக்கு வந்தார். இவருக்கு அதுவும் தேவைப்படவில்லை.

2000 ஜூலை 30 இரவு காஜனூரில் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் அவரைக் கடத்தியதும் பெங்களூர் கதவடைத்தது. வீரப்பன் தமிழன்; கோபம் எங்கள்மேல் திரும்புமென்று என் அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறி, கடையின் தமிழ்ப் பலகையைத் தானே இறக்கி, கோணியில் சுற்றிப் பரணில் போட்டார். வீட்டில் யாரையும் கலந்துகொள்ளவில்லை. ராஜ்குமார் காட்டில் இருந்தது 108 நாள்.

அவர் யாரையும் அடிக்கச் சொன்னவரல்ல. அதிகாரம் அவரிடம் இருந்ததைவிட, அவர் பெயரைச் சொன்ன தம்பிகளிடமே அதிகம் என்பேன். 2006 ஏப்ரல் 12-இல் அவர் இறந்தார். கட்டளையிட அண்ணனே இல்லாத மறுநாள்தான் பஸ்கள் எரிந்தன, போலீஸ் சுட்டது, ஒரு காவலர் அடித்துக் கொல்லப்பட்டார்.